பாரிஸ் கிளம்பும் புதுவை, கடலூர்க்காரர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் பாரிஸுக்கு ஆள் அனுப்பாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1962இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள், சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) பென்ஷன் வாங்கும் வீடுகள், படிக்கப் போய் அங்கேயே தங்கிவிட்ட பிள்ளைகள் என்று ஏதோ ஒரு நூல் இருக்கும். கடலூர் பக்கம் அது குறைவு, ஆனால் ஐ.டி. வேலையில் போன பிள்ளைகள் இப்போது அங்கிருந்தும் அப்பா அம்மாவை அழைக்கிறார்கள். கீழே உள்ளவை இந்தியப் பாஸ்போர்ட்டில் முதல்முறை போகிறவர்களுக்கு, குறிப்பாகப் பெரியவர்களுக்கு. டூர் பேக்கேஜில் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

விசாவுக்குச் சென்னைக்கு அலைய வேண்டுமா?

வேண்டாம். புதுச்சேரியிலேயே விஎஃப்எஸ் மையம் இருக்கிறது. கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் பயணம். முதலில் பிரான்ஸ்-விசாஸ் என்ற அரசு இணையதளத்தில் படிவத்தை நிரப்பி, பிறகு விஎஃப்எஸ்ஸில் அப்பாயின்ட்மென்ட் எடுக்க வேண்டும். விஎஃப்எஸ் காகிதங்களையும் கைரேகையையும் வாங்கி அனுப்புவதோடு சரி. விசா கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது கான்சுலேட். ஆகவே கவுண்டரில் இருப்பவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாகப் பதினைந்து நாள், சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் பொங்கல் முடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு 45. விஎஃப்எஸ் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்கும். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் எடுத்ததாகவும், ஊர் திரும்பும் தேதிக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஐந்து லட்சத்தைப் போட்டு வைப்பது நம்மவர்களின் வழக்கம். உதவுவதைவிடச் சந்தேகத்தைத்தான் அதிகம் கிளப்பும். மாதாமாதம் வரும் பென்ஷன் சிறியதாக இருந்தாலும் அதை ஒழுங்காகக் காட்டி, செலவை மகன் ஏற்கிறான் என்றால் அவன் சம்பளச் சீட்டையும் கடிதத்தையும் சேர்த்துவிடுங்கள்.

மகன் வீட்டில்தான் தங்கப் போகிறோம். ஓட்டல் புக்கிங் காட்ட வேண்டுமா?

வேண்டாம். அதற்குப் பதில் ‘அத்தெஸ்தாசியோன் தக்கேய்’ என்ற தங்குமிடச் சான்றிதழ் தேவை. பிள்ளை தான் குடியிருக்கும் ஊரின் மேரிக்குப் போய் வாங்க வேண்டும். நம் கடற்கரைச் சாலையில் இருக்கும் மேரி கட்டடம் தெரியுமல்லவா, அதே நகர மன்ற அலுவலகம்தான். 30 யூரோ முத்திரை வரி, வீட்டு வாடகை ஒப்பந்தம், வீட்டின் பரப்பளவு எல்லாம் கேட்பார்கள். அங்கும் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். சான்றிதழின் அசல் கூரியரில் இங்கே வந்து சேர வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ செல்லாது. அதைப் பிறகு பாரிஸ் ஏர்போர்ட்டிலும் கேட்கலாம் என்பதால் கைப்பையில் வையுங்கள்.

எந்த மாதம் நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். ஊர் சுற்ற நேரம் தாராளம். ஜூலை 14 அன்று காலையில் சான்செலிசே சாலையில் ராணுவ அணிவகுப்பும் இரவில் ஈஃபில் கோபுரத்தில் வாணவேடிக்கையும் உண்டு. நம் ஊரிலும் அந்த நாளைக் கொண்டாடுகிறோம் என்பதால் புதுவைக்காரர்களுக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். ஆகஸ்ட்டில் பாரிஸ்காரர்களே ஊரைக் காலி செய்துவிடுவார்கள். தெருமுனை பேக்கரி பல பூட்டியிருக்கும். வெயில் அலை வந்தால் வீட்டில் ஏ.சி. இருக்காது, ஃபேன்கூடச் சந்தேகம். நம் ஊர் வெயிலைத் தாங்கியவர்கள்தானே என்று நினைக்க வேண்டாம். மேலே விசிறி சுற்றாத 36 டிகிரி வேறு.

டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். பனி கொட்டும் என்ற ஆசையில் போகிறவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தூறலும் சாம்பல் வானமும்தான்.

அம்மா புடவைதான் கட்டுவார். குளிரைச் சமாளிக்க முடியுமா?

முடியும். உள்ளே தெர்மல் மேல்சட்டை, கால்சட்டை; மேலே முழுக்கை ஜாக்கெட்; அதன் மேல் புடவை; எல்லாவற்றுக்கும் மேல் முழங்காலுக்குக் கீழே வரும் கோட்டு. காலில் சாக்ஸும் பிடிப்புள்ள ஷூவும் கண்டிப்பாக வேண்டும்; செருப்போடு ஈரக் கல் தெருவில் இறங்கினால் வழுக்கும். புடவைக் கொசுவம் எஸ்கலேட்டரில் மாட்டாமல் கொஞ்சம் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். நல்ல கோட்டை இங்கே தேடி அலையாதீர்கள், அங்கே மலிவாகவே கிடைக்கும். தெர்மலை மட்டும் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

கருவாடு, ஊறுகாய், பண்ருட்டி பலா எடுத்துப் போகலாமா?

இதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள், விசாவைவிட அதிகமாக.

கருவாட்டுக்குத் தடையில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி சொந்த உபயோகத்துக்கான மீன் பொருள் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். வாசனை வெளியே வராமல் கட்டுவது உங்கள் பொறுப்பு. மற்ற துணிகளின் கதியையும் நினைத்துக்கொள்ளுங்கள். இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. பால், நெய், பன்னீர் கூடாது. பாலையே சுண்டக் காய்ச்சிச் செய்த இனிப்பையும் தவிர்த்துவிடுங்கள். பழம், காய், கீரை வகைகளுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் போகக்கூடியவை வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் மட்டுமே. ஆகவே பலாச்சுளையும் மாம்பழமும் கறிவேப்பிலையும் வேண்டாம். வறுத்த பண்ருட்டி முந்திரி, மிளகாய்த் தூள், வடகம், அப்பளம் தாராளமாகப் போகலாம். ஊறுகாய் செக்-இன் பெட்டியில்தான்; கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

ஒன்று சொல்ல வேண்டும். அரிசி, பருப்பு, முருங்கைக்காய், வாழையிலை எல்லாம் பாரிஸிலேயே கிடைக்கின்றன. மருமகள் கேட்காத சாம்பார் பொடியைப் பத்து கிலோ சுமப்பதைவிட, வீட்டுத் தாளிப்பு வடவத்தைக் கொண்டுபோங்கள். அங்கே பெரிய சமையல்காரர்களே ‘வடுவான்’ என்று பெயரிட்டுப் பயன்படுத்துவது நம் புதுவை வடவத்திலிருந்து போனதுதான்.

ஏர்போர்ட்டில் இறங்கியதும் என்ன செய்வது?

டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் வீல்சேர் உதவி கேட்டு வையுங்கள். முடியாதவர்களுக்கு மட்டும்தான் என்று கூச்சப்படாதீர்கள். முழங்கால் வலியும் மொழி தெரியாததும் சேர்ந்தாலே தேவைதான். சார்ல் தெகோல் ஏர்போர்ட்டில் நடை அதிகம், டெர்மினல் மாறுவது குழப்பம். 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முகப் படமும் கைரேகையும் எடுத்துப் பதியும் புதிய முறை வந்திருப்பதால் வரிசையும் நீளும்.

ஊருக்குள் போக ஆர்இஆர் பி என்ற புறநகர் ரயில் நேராகக் கார் து நோர் நிலையத்துக்குக் கொண்டுபோகும். 2025இல் டிக்கெட் 13 யூரோ. கட்டணமெல்லாம் ஜனவரிதோறும் கொஞ்சம் ஏறும். பெட்டி நிறைய இருந்தால் டாக்ஸிதான் நிம்மதி. பாரிஸ் நகருக்குள் நிர்ணயக் கட்டணம்: 2025இல் சேன் நதியின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65. புறநகருக்கு மீட்டர். வெளியே வரும் வழியில் “டாக்ஸி, டாக்ஸி” என்று அருகில் வந்து அழைப்பவரோடு ஒருபோதும் போகாதீர்கள். உண்மையான டாக்ஸிக்காரர் காரோடு வெளியே வரிசையில் நிற்பார்.

நம்மவர் பலர் வசிப்பது சார்செல், லா கூர்னவ் போன்ற வடக்குப் புறநகர்களில். ஏர்போர்ட்டும் வடக்கேதான் என்பதால், பிள்ளை காரில் வந்து அழைத்துப் போனால் பாரிஸைக் கண்ணால் பார்க்காமலே வீடு போய்ச் சேர்வீர்கள்.

மெட்ரோவுக்கு எந்த கார்டு?

ஒரு வாரம் இருப்பவர்களுக்கும் மூன்று மாதம் இருப்பவர்களுக்கும் பதில் வேறு. எப்போதாவது போகிறவர்கள் 2 யூரோ கொடுத்து நாவிகோ ஈஸி கார்டு வாங்கி டிக்கெட்டை ஏற்றிக்கொள்ளலாம். 2025 முதல் மெட்ரோ, ஆர்இஆர் எதிலும் தூரம் பார்க்காமல் ஒரே கட்டணம், ஏர்போர்ட் மட்டும் விலக்கு. 2025இல் அது 2.50 யூரோவாக இருந்தது. பஸ், டிராம் அப்போது 2 யூரோ. மெட்ரோ டிக்கெட் பஸ்ஸுக்கு ஆகாது, பஸ் டிக்கெட் மெட்ரோவுக்கு ஆகாது.

தினமும் சுற்றுகிறவர்களுக்கு வாரப் பாஸ். 2025இல் 31.60 யூரோ, ஏர்போர்ட், வெர்சாய் அரண்மனை, டிஸ்னிலேண்டு எல்லாம் அதிலேயே அடக்கம். ஏர்போர்ட் போய்வரவே அப்போது 26 ஆனது என்று பார்த்தால் லாபம் புரியும். ஒரு சிக்கல்: அது திங்கள் முதல் ஞாயிறு வரை மட்டும். வியாழன் இறங்கினால் வாங்காதீர்கள். இதற்கு 5 யூரோ கார்டும் உங்கள் சிறிய போட்டோவும் வேண்டும். ஆளுக்கொரு கார்டு, கணவன் கார்டில் மனைவி போக முடியாது. வெளியே வரும்வரை டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனைக்காரர்கள் வெளிவாசலில்தான் நிற்பார்கள், “தெரியாது” என்றால் விடமாட்டார்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. மெட்ரோ ஏற முடியுமா?

பாரிஸ் மெட்ரோ 1900இல் ஓடத் தொடங்கியது. பெரும்பாலான நிலையங்களில் லிஃப்ட் கிடையாது, லைன் மாறும் இடங்களில் படி இறங்கி, நீள நடந்து, மறுபடி படி ஏற வேண்டும். விதிவிலக்கு 14ஆம் லைன். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, ஓர்லி ஏர்போர்ட் வரை போகும்.

பெரியவர்களுக்கு என் சிபாரிசு பஸ்தான். தாழ்தளப் பஸ், ஜன்னலோர இருக்கை, ஊரும் தெரியும். 69ஆம் எண் பஸ் ஈஃபில் கோபுரத்தின் பக்கத்தில் கிளம்பி ஒர்சே, லூவ்ர் அருங்காட்சியகங்கள், பஸ்தீய் சதுக்கம் வழியாகப் போகிறது. ஒரு பஸ் டிக்கெட் விலையில் இதைவிட நல்ல ஊர்வலம் கிடையாது. மோன்மார்த்ர் குன்றுக்குப் படி ஏறாமல் விஞ்சு ரயிலில் போகலாம், மெட்ரோ டிக்கெட்டே போதும். லூவ்ரில் வீல்சேர் இலவசமாகத் தருவார்கள்.

பிரெஞ்சு தெரியாது. சமாளிக்கலாமா?

சமாளிக்கலாம். இளைஞர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். ஆனால் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், பஸ் ஏறினாலும், முதலில் “போன்ழூர்” சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் “ஹவ் மச்?” என்று ஆரம்பித்தால் அவர்கள் முகம் சுருங்கும், பாரிஸ்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று வீட்டுக்கு வந்து சொல்வீர்கள். வாசலில் வந்தவர் “வாங்க” என்ற சொல்லை எதிர்பார்ப்பது போலத்தான். கிளம்பும்போது “மெர்சி, ஓ ர்வார்”. இடிபட்டால் “பார்தோன்”. இவ்வளவு போதும்.

சைவம்தான் சாப்பிடுவோம். என்ன செய்வது?

கார் து நோர் நிலையத்தை விட்டு வெளியே வந்து லா ஷப்பேல் பக்கம் நடங்கள். ஃபோபூர் சென்-தெனி தெரு, கைய் தெரு முழுக்கத் தமிழ்ப் பலகைகள். எண்பதுகளிலிருந்து ஈழத்தமிழர்கள் வந்து கட்டி எழுப்பிய கடைத்தெரு அது. இட்லி, தோசை, நகைக்கடை, புடவைக்கடை, மளிகை எல்லாம் தமிழிலேயே பேசி வாங்கலாம். யாழ்ப்பாணத் தமிழ் முதல் பத்து நிமிடம் காதுக்குப் புதிதாக இருக்கும், பிறகு பழகிவிடும். அசைவர்கள் கொத்துரொட்டியையும் மட்டன் ரோலையும் விடாதீர்கள்.

மற்ற இடங்களில் கவனம் தேவை. “வெஜிடேரியன்” என்றால் மீன் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. “சான் வியாந்த், சான் புவாசோன்” என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல். சாலட்டில் பன்றித் துண்டு கிடக்கலாம், மிட்டாயில் ஜெலட்டின் இருக்கலாம். இது முஸ்லிம் நண்பர்களுக்கும் பொருந்தும். ஹலால் கடைகளுக்குப் பஞ்சமில்லை. மாரே பகுதியின் ரோசியே தெருவில் ஃபலாஃபல் நல்ல சைவச் சாப்பாடு. யூதக் கடைகள் என்பதால் சனிக்கிழமை மூடியிருக்கும். உணவகத்தில் “உய்ன் கராஃப் தோ” என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், குடிக்க நல்லது. பில்லில் சேவைக் கட்டணம் அடங்கிவிட்டது, டிப்ஸ் கட்டாயமில்லை. மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் பல இடங்களில் அடுப்பை அணைத்திருப்பார்கள்.

கோயில், சர்ச்?

18ஆம் வட்டாரத்தில் பஜோல் தெருவில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயம். 1985இல் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரத்தில் தேர். தெருவெங்கும் தேங்காய் உடைபடும். செப்டம்பர் பயணம் என்றால் தேதியைத் தேருக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கத்தோலிக்கர்கள் நோத்ர்தாமுக்குப் போவார்கள். 2019 தீவிபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தது, நுழைவு இலவசம், இணையத்தில் இலவச முன்பதிவு செய்தால் வரிசை குறையும். அதோடு பாக் தெருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 140ஆம் எண்ணில் அற்புதப் பதக்க மாதா சிற்றாலயம். சில வாசல் தள்ளி 128இல் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபை. 1776இல் புதுச்சேரி மிஷனைப் பொறுப்பேற்றவர்கள் அவர்கள்தான். வில்லியனூர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு லூர்து நகருக்கே போகிறவர்களுக்கு மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரயில், சுமார் ஐந்து மணி நேரம். ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள்.

நான்கு நாளில் எதையெல்லாம் பார்க்கலாம்?

ஒரு நாளைக்குப் பெரிய இடம் ஒன்று. இரண்டாவது ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் நினைவில் நிற்காது.

ஈஃபில் கோபுர லிஃப்ட் டிக்கெட்டை 60 நாள் முன்பிருந்தே அதன் சொந்த இணையதளத்தில் வாங்கலாம். படியேறிப் போவது மலிவு, ஆனால் இரண்டாம் தளத்துக்கே 674 படி. மேலே ஏறாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது: கோபுரத்தின் மேல் நின்றால் கோபுரம் தெரியாது. இருட்டிய பின் நதிக்கு அந்தப் பக்கம் கோபுரத்துக்கு எதிரே உள்ள திரோக்கதேரோ சதுக்கத்தில் நில்லுங்கள். மணிக்கொரு முறை ஐந்து நிமிடம் விளக்குகள் மினுக்கும். புதுவைக்காரர்கள் போகிற வழியில் 6ஆம் லைனில் ஏறுங்கள். ‘டூப்ளே’ என்று ஒரு நிலையம் வரும். நம் கடற்கரையில் சிலையாக நிற்கும் அந்தக்கால பிரெஞ்சு கவர்னரேதான். அடுத்த நிலையம் தாண்டியதும் ரயில் பாலத்தின் மேல் நதியைக் கடக்கும், கோபுரம் ஜன்னலில் தெரியும். பக்கத்தில் சுய்ப்ரேன் அவென்யூவும் இருக்கிறது. நம் ஊரில் அந்தப் பெயர் ஒரு சின்னத் தெருவுக்கு.

லூவ்ர் செவ்வாய் விடுமுறை, ஒர்சேயும் வெர்சாயும் திங்கள் விடுமுறை. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவருக்கு லூவ்ர் டிக்கெட் 32 யூரோ. மோனாலிசாவைப் பத்தடி தள்ளி நூறு போன்களுக்கு மேலே பார்க்க அவ்வளவு கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். காசு மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்குக் கர்னவாலே, பெத்தி பலே அருங்காட்சியகங்கள் இரண்டின் நிரந்தரக் காட்சியும் இலவசம். என்னைக் கேட்டால் கிமே அருங்காட்சியகம். சோழர்கால நடராஜர் செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. திரோக்கதேரோவிலிருந்து நடந்தே போகலாம், கூட்டம் இருக்காது, உட்கார்ந்து பார்க்கலாம்.

திருட்டு அதிகமாமே?

அடித்துப் பிடுங்குவதைவிடப் பிக்பாக்கெட்தான் அதிகம். மெட்ரோ கதவு மூடும் நொடியில் கையிலிருக்கும் போனைப் பறித்து இறங்கிவிடுவார்கள். கதவோரம் நின்று போன் பார்க்காதீர்கள். மோன்மார்த்ர் குன்றின் சக்ரே-கேர் தேவாலயப் படிக்கட்டில் கயிறு கட்டிவிட வருபவர், கையெழுத்து கேட்கும் பெண்கள், தரையில் தங்க மோதிரம் ‘கண்டெடுத்தவர்’, மூன்று கோப்பை விளையாட்டு எல்லாம் ஏமாற்று. நின்று பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள்.

தாலிக்கொடியும் வளையலும் பளிச்சென்று தெரிய மெட்ரோவில் போவது ஆபத்து. கொடியைக் கோட்டுக்குள் போடுங்கள், கல்யாண வீட்டுக்கானால் நகையைப் பையில் எடுத்துப்போய் அங்கே அணியுங்கள். பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டு நகலோடு சுற்றுங்கள்.

ஜிபே வேலை செய்யுமா?

ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியில் யுபிஐ வந்தது. அதை நம்பிக் கிளம்பாதீர்கள். ஃபாரெக்ஸ் கார்டும் கொஞ்சம் சில்லறை நோட்டும் போதும். மனக்கணக்குக்கு ஒரு யூரோவை நூறு ரூபாயாக வைத்துக்கொள்ளுங்கள், அதிர்ச்சி முதல் மூன்று நாள்தான்.

கழிப்பறை?

தெருவோரம் சாம்பல் நிறத் தானியங்கிக் கழிப்பறைகள், இலவசம். ஒருவர் வெளிவந்ததும் அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளும். கதவைப் பிடித்து உள்ளே நுழைந்தால் நனைவீர்கள். எங்கும் தண்ணீர் இருக்காது, காகிதம்தான். சின்ன பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். அருங்காட்சியகத்தில் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்?

அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 15. சின்ன உபாதைக்குப் பச்சைச் சிலுவை விளக்கு எரியும் மருந்துக்கடை. ஆன்டிபயாட்டிக் சீட்டில்லாமல் தரமாட்டார்கள். சுகர், பிரஷர் மாத்திரைகளை முழுப் பயணத்துக்கும் டாக்டர் சீட்டோடு எடுத்துப் போங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப்பெயரும் இருக்கட்டும். இன்சுலின் கைப்பையில்.

பிளக் பொருந்துமா?

நம் மெல்லிய இரண்டு முள் சார்ஜர் பொருந்தும், மூன்று முள் பொருந்தாது. ஒரு அடாப்டர் போதும்.

ஸ்ட்ரைக் என்கிறார்களே?

வரும். முன்கூட்டியே அறிவிப்பார்கள். ஊர் திரும்பும் நாளில் ஸ்ட்ரைக் என்றால் முதல் நாளே டாக்ஸி சொல்லிவிடுங்கள். மே 1 அன்று கிட்டத்தட்ட எல்லாம் மூடியிருக்கும். ஞாயிறும் பல கடைகள் இல்லை.

வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்குமாமே?

ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் கிடைக்கும். அன்று மட்டும் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துப் போய், வாங்கும்போதே காட்டி ‘தேதாக்ஸ்’ படிவம் கேளுங்கள். பிரான்ஸில் வசிக்கும் பிள்ளையின் பெயரில் வாங்கினால் கிடையாது, உங்கள் பெயரில்தான். ஏர்போர்ட்டில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே பாப்லோ என்ற இயந்திரத்தில் படிவத்தை ஸ்கேன் செய்ய வேண்டும். பெட்டி உள்ளே போன பிறகு பொருளைக் காட்டச் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கேயும் வரிசை நிற்கும், ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.